உள்ளே விடாத உப்பு: மூளைச் செல்லில் குளூட்டமேட் திறக்கும் கால்சிய வாசல்கள்

மதுரையில் போர் தண்ணீர் காய்ச்சும் வீடுகளில் பாத்திரத்தின் அடியை விரல் நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு உதிரும். ஹீட்டர் கம்பியில் அதுவே ஓடு போலக் கட்டிக்கொள்ளும். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த கால்சியம், சூடு பட்டு கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் கல்லாக இறங்கிவிட்டது. உப்புத் தண்ணி என்று நாம் ஒதுக்கும் அந்தத் தண்ணீருக்கும் மூளைக்குள் ஓடும் நீருக்கும் கால்சிய அளவில் பெரிய தூரம் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரக்குறிப்பு லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியத்தை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 200 வரை விட்டுக்கொடுக்கிறது. நரம்புச் செல்களைச் சூழ்ந்திருக்கும் நீரில் தனி அயனியாக உலவும் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 48 மில்லிகிராம், அதாவது 1.2 மில்லிமோலார். அந்தச் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போனால் அளவு சட்டென விழுந்து லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் ஆகிவிடுகிறது. 100 நானோமோலார், சில செல்களில் 50 (ஒரு மில்லிமோலார் என்பது ஆயிரம் மைக்ரோமோலார், பத்து லட்சம் நானோமோலார்). வெளியே இருப்பதில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இடையில் நிற்கும் சவ்வின் தடிமனோ ஐந்து நானோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வெளியே வைக்க வேண்டும்? காரணம் அந்தப் பாத்திரத்தின் அடியிலேயே இருக்கிறது. செல்லின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யும், மரபுப் பொருளும், பல நொதிகளின் வேலையும் பாஸ்பேட்டை நம்பியவை. கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சந்தித்தால் எலும்பில் நடப்பது செல்லுக்குள் நடக்கும்: கரையாத உப்பாக இறங்கிவிடும். ஆகவே உயிர் தோன்றிய தொடக்கத்திலிருந்தே செல்கள் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அப்படித் தள்ளியதன் பலனாக ஒரு வாய்ப்பு கிடைத்தது. உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு சிறு கசிவும் உரத்த செய்தியாகிவிடுகிறது. 10 மில்லிமோலார் சோடியம் இருக்கும் செல்லுக்குள் ஒரு மைக்ரோமோலார் சோடியம் கூடினால் யாருக்கும் தெரியாது. கால்சியம் ஒரு மைக்ரோமோலார் கூடினால் பத்து மடங்கு உயர்வு.

குளூட்டமேட் வந்து தட்டும் கதவுகள்

மூளையில் ஒரு செல் அடுத்ததைத் தூண்டப் பயன்படுத்தும் முதன்மைப் பொருள் குளூட்டமேட். செல்லின் உடல் நீரில் இது பத்து மில்லிமோலார் அளவில் எப்போதும் இருக்கும். நரம்பு முனையின் நுண்பைகளுக்குள் நூறு மில்லிமோலார் அளவுக்கு அடைத்து வைக்கப்பட்டிருக்கும். துடிப்பு வந்து நுண்பை உடைந்ததும், இரு நரம்புச் செல்கள் சந்திக்கும் சினாப்ஸின் 20 நானோமீட்டர் அகல இடுக்கில் குளூட்டமேட் ஒரு மில்லிமோலார் வரை எழும்பி, ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் வடிந்துவிடும். மிச்சத்தைச் சுற்றியுள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் உறிஞ்சிக்கொள்கின்றன.

அந்த ஒரு மில்லிநொடிக்குள் எதிர்க்கரையில் மூன்று வகைக் கதவுகள் தட்டப்படுகின்றன.

முதலில் திறப்பது ஆம்பா ஏற்பி. வேகமாகத் திறந்து சில மில்லிநொடிகளில் மூடிவிடும். பெரும்பாலும் சோடியத்தைத்தான் உள்ளே விடும். நான்கு துணைப்புரதங்களால் ஆன இந்த ஏற்பியில் குளூ-ஏ2 என்ற துணைப்புரதம் இருந்தால் கால்சியம் நுழையாது. இதற்குக் காரணமான அமினோ அமிலம் மரபணுவிலேயே எழுதப்படவில்லை என்பது இந்தத் துறையின் அழகான செய்திகளில் ஒன்று. மரபணு அந்த இடத்தில் குளூட்டமின் என்கிறது. ஆர்.என்.ஏ. நகலெடுக்கப்பட்ட பிறகு ஏடார்-2 என்ற நொதி ஓர் எழுத்தைத் திருத்தி அதை ஆர்ஜினின் ஆக்குகிறது. ஆர்ஜினினின் நேர்மின்சுமை துளையின் நடுவில் நின்று இரட்டை நேர்மின்சுமை கொண்ட கால்சியத்தைத் தள்ளிவிடுகிறது. வளர்ந்த மூளையில் இந்தத் திருத்தம் ஏறக்குறைய முழுமையாக நடக்கிறது. திருத்தம் நடக்காதபடி மாற்றப்பட்ட எலிகள் வலிப்பு கண்டு மூன்று வாரத்துக்குள் இறந்துபோயின. ஓர் எழுத்துப் பிழைதான்; ஆனால் கால்சியம் தவறான வாசலில் நுழைந்தது.

இரண்டாவது என்.எம்.டி.ஏ. ஏற்பி. இக்கட்டுரையின் நடுப்பாத்திரம் இதுதான். இது திறக்க ஒரே நேரத்தில் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். குளூட்டமேட் ஒட்ட வேண்டும். குளூ-என்1 துணைப்புரதத்தில் கிளைசீன் அல்லது டி-செரீன் ஒட்டியிருக்க வேண்டும். மூன்றாவதாக, துளைக்குள் அடைப்பான் போல உட்கார்ந்திருக்கும் மக்னீசியம் அயனி வெளியேற வேண்டும். செல் ஓய்வில், மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் இருக்கும்போது, உள்ளிருக்கும் எதிர்மின்னழுத்தம் வெளியிலுள்ள மக்னீசியத்தைத் துளைக்குள் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். ஆம்பா ஏற்பிகள் சோடியத்தை விட்டு மின்னழுத்தம் மைனஸ் 40, 30 என்று ஏறினால்தான் மக்னீசியத்தின் பிடி தளரும். 1984-ல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன.

இதன் பொருள் பெரியது. எதிர்முனை குளூட்டமேட் அனுப்பிய அதே கணத்தில் இந்தச் செல்லும் ஏற்கெனவே விழித்திருந்தால் மட்டுமே கதவு திறக்கும். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாக நடந்தன என்பதைப் பதிவுசெய்யும் மூலக்கூறு இது. திறந்தால் ஆம்பாவைப் போல உடனே மூடாது: குளூ-என்2ஏ உள்ளவை பல பத்து மில்லிநொடிகளும், 2பி உள்ளவை சில நூறு மில்லிநொடிகளும், 2டி உள்ளவை நொடிக்கணக்கிலும் திறந்து மூடியபடி இருக்கும். அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ கால்சியம் சுமந்து வருவது.

மூன்றாவது வகை, மெட்டபோட்ராபிக் ஏற்பிகள். இவற்றில் துளையே இல்லை. முதல் தொகுதியைச் சேர்ந்த எம்-குளூ 1, 5 ஆகியவை ஜி-புரதம் வழியாக பாஸ்போலிபேஸ்-சி நொதியை எழுப்பும். அது சவ்விலுள்ள கொழுப்பொன்றை வெட்டி ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூற்றை விடுவிக்கும். ஐ.பி.3 செல்லின் உட்கிடங்கான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்கு மிதந்து போய் அங்குள்ள கதவைத் திறக்கும். அந்தக் கிடங்கில் கால்சியம் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் அளவில் இருக்கிறது. ஐ.பி.3 கதவுக்கு ஒரு விசித்திர குணம்: சிறிதளவு கால்சியம் அதை மேலும் திறக்கும், அதிகக் கால்சியம் அதை மூடும். ஆகவே கால்சியம் ஒரே சீராக எழாமல், அலையாக ஓடி, ஊசலாடி, நொடிக்கணக்கில் நீடிக்கும். ஆஸ்ட்ரோசைட்டுகளிலும் குளூட்டமேட் இத்தகைய அலைகளை எழுப்புவது 1990-ல் காட்டப்பட்டது. கைனேட் ஏற்பிகளும் உண்டு. கால்சியக் கணக்கில் அவற்றின் பங்கு சிறியது.

நான்காவதாக ஒரு வாசலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைக் குளூட்டமேட் நேரடியாகத் தொடுவதில்லை. ஆம்பா ஏற்பிகள் மின்னழுத்தத்தை உயர்த்தியதும் மின்னழுத்தத்தால் இயங்கும் எல்-வகைக் கால்சியக் கதவுகள் தாமாகத் திறந்துகொள்கின்றன. ஆய்வகத்தில் மாணவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த வாசல்தான்.

ஆறு அயனிகள்

சினாப்ஸின் ஏற்கும் பக்கம் பெரும்பாலும் டென்ட்ரைட் என்ற செல்கிளையில் முளைத்த ஒரு குட்டி முள். சிறிய முள்ளின் கொள்ளளவு ஒரு ஃபெம்டோ லிட்டரில் பத்தில் ஒன்று. அதில் 100 நானோமோலார் கால்சியம் என்றால் எத்தனை அயனி? அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் ஆறு வருகிறது. முள் முழுவதற்கும் ஆறே ஆறு தனி அயனிகள். அறுபதானால் ஒரு மைக்ரோமோலார்.

ஆனால் அறுபது நுழைந்தால் அறுபதும் தனியாக நிற்பதில்லை. முள்ளுக்குள் இருக்கும் புரதங்கள் வந்ததும் பிடித்துக்கொள்கின்றன; ஏறத்தாழ இருபது அயனி பிணைந்தால் ஒன்று தனியாக உலவும். ஆகவே அளவை ஒரு மைக்ரோமோலாருக்கு உயர்த்த ஆயிரத்துக்கு மேற்பட்ட அயனிகள் நுழைய வேண்டும். ஒற்றை என்.எம்.டி.ஏ. கதவு ஒரு மில்லிநொடியில் பல நூறு கால்சிய அயனிகளை விட வல்லது. அதாவது ஒரு முள்ளின் செய்தியைத் தீர்மானிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய கதவுகள் போதும்.

வந்த கால்சியத்தை வெளியேற்றுவதில் வேலைப்பிரிவு உண்டு. சவ்விலுள்ள கால்சியம் பம்பு ஓர் ஏ.டி.பி. செலவழித்து ஓர் அயனியைத் தள்ளும். மெதுவானது, ஆனால் அடிமட்டம் வரை இறைக்கும். சோடியம்-கால்சியம் மாற்றி மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே அனுப்பும். வெள்ளம் வந்தால் இதுதான் வேலைக்காரன். செர்கா பம்பு ஓர் ஏ.டி.பி.க்கு இரண்டு அயனியை உட்கிடங்குக்குத் திருப்பும். மிக அதிகமானால் மைட்டோகாண்ட்ரியா விழுங்கும். அந்த விழுங்கும் கதவின் புரதம் 2011-ல்தான் அடையாளம் காணப்பட்டது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் முள்ளில் எழுந்த கால்சியம் பத்துக் கணக்கான மில்லிநொடிகளில், அதிகபட்சம் நூறு சொச்சத்தில், வடிந்துவிடும்.

எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த வாசல்

ஒரே கால்சியம் ஒரு சினாப்ஸை வலுவாக்கவும் செய்கிறது, தளர்த்தவும் செய்கிறது, செல்லைக் கொல்லவும் செய்கிறது. பாடநூல்கள் இதை 'அளவைப் பொறுத்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மைதான்.

அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தண்ணீர் ஒன்றேதான், மட்டத்துக்கு மட்டம் நடவடிக்கை வேறு. செல்லுக்குள் அளவுகோலாக நிற்பது கால்மோடுலின். நான்கு கால்சியம் பிடிக்கும் இந்தச் சிறு புரதம், பிடித்ததும் உருமாறி வேறு நொதிகளைக் கட்டிக்கொள்ளும். கால்சிநியூரின் என்ற நொதி குறைந்த அளவு கால்மோடுலினுக்கே விழித்துக்கொள்ளும். அது பாஸ்பேட்டைக் கழற்றி ஆம்பா ஏற்பிகளை உள்ளிழுத்து சினாப்ஸைத் தளர்த்தும் பக்கம் தள்ளும். காம்-கைனேஸ் 2 விழிக்க இன்னும் அதிகம் வேண்டும். பன்னிரண்டு துணைப்புரதங்கள் இரண்டு வளையங்களாக அடுக்கப்பட்ட நொதி அது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவர் ஒரே நேரத்தில் விழித்தால் ஒருவர் மற்றவரின் 286-ஆம் இடத்துத் திரியோனினில் பாஸ்பேட் ஒட்டுவார். ஒட்டப்பட்டவர் கால்சியம் வடிந்த பிறகும் சிறிது நேரம் உறங்க மாட்டார். அந்த நேரத்தில் அது குளூ-என்2பி வாலைப் பற்றிக்கொள்ள, ஆம்பா ஏற்பிகள் சினாப்ஸில் கூடுதலாக நிலைகொள்ள, முள் பருக்கும்.

இதை ஆய்வில் கண்ட வரிசையும் தெளிவானது. முயலின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப்பகுதி) வேகமான துடிப்புத் தொடர் கொடுத்தால் சினாப்ஸ் மணிக்கணக்கில் வலுப்பெற்று நிற்பதை 1973-ல் பிளிஸ், லோமோ இருவரும் வெளியிட்டார்கள். 1983-ல் ஏற்கும் செல்லுக்குள் இ.ஜி.டி.ஏ. என்ற கால்சியப் பிடிப்பானைச் செலுத்தியபோது அந்த வலுப்பெறுதல் நின்றுபோனது. 1992-ல் டுடெக், பேர் இருவரும் நொடிக்கு ஒன்றாக 900 துடிப்புகள் கொடுத்து ஹிப்போகாம்பஸ் சினாப்ஸைத் தளர்த்திக் காட்டினார்கள். நொடிக்கு நூறு வீதம் ஒரு நொடி கொடுத்தால் வலுப்பெறுகிறது; நொடிக்கு ஒன்று வீதம் கால்மணி நேரம் கொடுத்தால் தளர்கிறது. மொத்தத் துடிப்பு எண்ணிக்கையைப் பார்த்தால் தளர்த்தியதில்தான் ஒன்பது மடங்கு அதிகம். ஆகவே கால்சியத்தின் மொத்தக் கூட்டுத்தொகை முடிவெடுப்பதில்லை. உச்சியும் கால அளவும் முடிவெடுக்கின்றன.

மறுபாதிதான் வாசல். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே அம்மன் சன்னதி வழியாக அட்டசக்தி மண்டபத்தில் நுழைபவர் முதலில் அம்மனிடம் போய்ச் சேர்வார்; சுவாமி சன்னதி வழியாக நுழைபவருக்கு வரிசை மாறும். கால்சியம் செல்லுக்குள் வெகுதூரம் போவதில்லை. நுழைந்த வாயிலருகே, சில பத்து நானோமீட்டருக்குள், பிடிபட்டுவிடுகிறது. ஆகவே அந்த வாசலருகே யார் காத்திருக்கிறார்களோ அவர்களே செய்தியைப் பெறுகிறார்கள். எல்-வகைக் கதவின் வாலிலேயே கால்மோடுலின் கட்டப்பட்டிருக்கிறது; அதனால் அந்தக் கதவு செல்கருவிலுள்ள கிரெப் என்ற மரபணு இயக்கியை எழுப்புவதில் கைதேர்ந்தது. என்.எம்.டி.ஏ. ஏற்பியின் வாலில் பி.எஸ்.டி.-95 என்ற தாங்குபுரதம் வழியாக நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி கட்டப்பட்டிருக்கிறது. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம். ஒரே என்.எம்.டி.ஏ. ஏற்பியே இருக்குமிடத்தைப் பொறுத்து வேறு பேச்சுப் பேசும்: ஹார்டிங்ஹாம், ஃபுகுனாகா, பேடிங் மூவரும் 2002-ல் காட்டியபடி, சினாப்ஸுக்குள் இருப்பவை கிரெப்பை எழுப்பிச் செல்லைக் காக்கின்றன, சினாப்ஸுக்கு வெளியே இருப்பவை திறந்தால் கிரெப் அணைக்கப்பட்டு மைட்டோகாண்ட்ரியா தளர்கிறது.

மதுரை வெயிலில் இதை அளப்பது எப்படி

இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது ரோஜர் சியென் செய்த சாயங்களால். 1985-ல் வெளியான ஃபூரா-2 இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 340 நானோமீட்டர் ஒளியிலும் 380 ஒளியிலும் மாறிமாறித் தூண்டி, இரண்டிலும் 510-ல் வரும் ஒளிர்வை அளக்க வேண்டும். கால்சியம் பிடித்தால் 340-ன் பங்கு ஏறும், 380-ன் பங்கு இறங்கும். விகிதம் எடுப்பதால் சாயம் செல்லுக்குச் செல் கூடக் குறைய ஏறியிருந்தாலும் கணக்குக் கெடாது. 340 புற ஊதா என்பதால் நுண்ணோக்கியின் சாதாரண ஆப்ஜெக்டிவ் கண்ணாடி அதை விழுங்கிவிடும். புற ஊதாவை விடும் லென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் புற ஊதா தேவைப்படாத ஃப்ளூவோ-4 சாயத்தை எடுத்துக்கொள்வதே நல்லது.

ஃபூரா-2-வின் ஏ.எம். எஸ்டர் வடிவம் சவ்வைத் தாண்டி நுழைந்து, உள்ளே எஸ்டர் உடைந்த பிறகே சாயமாக வேலை செய்யும்; அது 50 மைக்ரோகிராம் குப்பிகளில் வரும். நீரில்லாத டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான் 50 மைக்ரோலிட்டர் விட்டால் ஒரு மில்லிமோலார் கரைசல். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காற்றில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே வியர்க்கும், டி.எம்.எஸ்.ஓ. அந்த ஈரத்தைக் குடிக்கும். எஸ்டர் குப்பியிலேயே உடைந்துவிடும். உடைந்த சாயம் செல்லுக்குள் நுழையாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை உலர்த்தியோடு மூடி வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

அளவுநீர், அதாவது செல்களை வைத்து அளக்கும் உப்புக் கரைசல்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 2, மக்னீசியம் குளோரைடு 1, பி.ஹெச்.-ஐ நிலைநிறுத்தும் ஹெப்பீஸ் 10, குளுக்கோஸ் 10, எல்லாம் மில்லிமோலாரில், பி.ஹெச். 7.4, ஆஸ்மோலாரிட்டி 300 சொச்சம். ஒரு மில்லிலிட்டர் அளவுநீருக்குச் சாயக் கரைசல் 2 மைக்ரோலிட்டர், சாயம் நீரில் கலக்க உதவும் 20 சதவீத ப்ளூரானிக் 1 மைக்ரோலிட்டர். 30 முதல் 45 நிமிடம் இருட்டில். பிறகு கழுவிவிட்டு இன்னொரு அரைமணி நேரம் சும்மா விட வேண்டும், எஸ்டர் முழுதும் உடைய. இந்த அரைமணியைத் தின்றுவிடுபவர்கள் அதிகம். உடையாத சாயம் ஒளிரும், ஆனால் கால்சியத்துக்குப் பதில் சொல்லாது, எல்லா எண்களும் தாழ்வாகவே வரும். சீரம் கலந்த ஊடகத்தில் சாயம் ஏற்றக் கூடாது. சீரத்திலுள்ள எஸ்டரேஸ்கள் செல்லுக்கு வெளியிலேயே அதை உடைத்துவிடும்.

இங்கே ஒரு சொல்லில் ஏமாறுகிறோம். வெளிநாட்டு நெறிமுறைகளில் 'அறை வெப்பநிலையில் ஏற்றவும்' என்றிருக்கும். அவர்கள் நினைப்பது 20 முதல் 25 டிகிரி. கத்திரி வெயிலில் ஏ.சி. நின்ற மதுரை ஆய்வறை 35-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் சாயம் செல்நீரோடு நில்லாமல் உட்கிடங்குக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் புகுந்துகொள்ளும். செல்லில் புள்ளி புள்ளியாக ஒளிர்வதைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஹெப்பீஸின் பி.கே. மதிப்பும் டிகிரிக்கு 0.014 இறங்கும். 25 டிகிரியில் 7.4 வைத்த அளவுநீர் 37-ல் 7.23-க்கு வந்துவிடும். அது சின்ன மாற்றம்போலத் தோன்றலாம், என்.எம்.டி.ஏ. ஏற்பியின் பல வடிவங்களைப் புரோட்டான்கள் பி.ஹெச். 7.3 சுற்றுவட்டாரத்திலேயே பாதியளவு தடுக்கின்றன. அதனால் பி.ஹெச். சரிசெய்வதைச் சோதனை நடக்கும் வெப்பநிலையிலேயே செய்ய வேண்டும்.

தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. போர் தண்ணீரில் அலசி உலர்த்திய பீக்கரில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், 'கால்சியம் சேர்க்காத' அளவுநீரில் கால்சியம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒருமுறை, அயனி நீக்கிய நீரில் மூன்றுமுறை அலசுங்கள். அளவுநீரைப் பிளாஸ்டிக் குப்பியில் வையுங்கள். கடின நீர் ஊட்டப்படும் அயனி நீக்கி உருளைகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் தீர்ந்துபோகும். மின்தடை 18 மெகாஓமுக்குக் கீழே இறங்குவதை அன்றாடம் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் சில மைக்ரோமோலார் கால்சியம் மிஞ்சும். எனவே கால்சியமற்ற நிலை உண்மையில் வேண்டுமென்றால் இ.ஜி.டி.ஏ. ஒரு மில்லிமோலார் சேர்த்தாக வேண்டும். பாஸ்பேட் அளவுநீரில் 2 மில்லிமோலார் கால்சியம் விட்டுச் சூட்டில் வைத்தால் மேகம்போலக் கலங்கும்; பைகார்பனேட் நீரைக் கார்பன் டை ஆக்சைடு குமிழியிடாமல் விட்டாலும் அதே கதி. வீட்டுப் பாத்திரத்தின் அடியில் நடந்த வேதியியல்தான்.

இனி வாசல்களைப் பிரிப்பது. 100 மைக்ரோமோலார் குளூட்டமேட் விட்டால் எல்லா வாசலும் ஒன்றாகத் திறக்கும். வரும் உயர்வைப் பார்த்து 'என்.எம்.டி.ஏ. வேலை செய்கிறது' என்று எழுதிவிடக் கூடாது. டி.டி.எக்ஸ். ஒரு மைக்ரோமோலார் விட்டு செல்களுக்குள் தாமாக ஓடும் துடிப்புகளை நிறுத்துங்கள். நிமோடிபின் 10 மைக்ரோமோலார் எல்-வகையை மூடும். ஏ.பி.5 50 மைக்ரோமோலார் என்.எம்.டி.ஏ.யை மூடும். ஆம்பாவுக்கு சி.என்.க்யூ.எக்ஸ். பயன்படுத்துவார்கள், ஆனால் அது என்.எம்.டி.ஏ. ஏற்பியின் கிளைசீன் இடத்திலும் போய் உட்காரும். என்.பி.க்யூ.எக்ஸ். அதைவிடத் தூய்மையானது. எம்-குளூ வழியை மட்டும் பார்க்க வேண்டுமானால் டி.ஹெச்.பி.ஜி. 50 முதல் 100 மைக்ரோமோலார் கொடுத்து, வெளிக் கால்சியத்தை நீக்கிய நீரிலும் உயர்வு நிற்கிறதா என்று பார்க்கலாம். உட்கிடங்கை தாப்சிகார்ஜின் ஒரு மைக்ரோமோலாரால் முன்பே காலிசெய்தால் அந்த உயர்வு மறைய வேண்டும்.

என்.எம்.டி.ஏ.யை நேரடியாகத் தூண்டிப் பதிலே வரவில்லை என்றால் பெரும்பாலும் மூன்று தவறுகளில் ஒன்று. மக்னீசியத்தை எடுக்க மறந்திருப்போம். கிளைசீன் 10 மைக்ரோமோலார் சேர்க்க மறந்திருப்போம். அல்லது வளர்ப்புச் செல்கள் இளசாக இருக்கும்: எலிக் கரு ஹிப்போகாம்பஸ் செல்கள் பத்து முதல் பதினான்கு நாள் ஆன பிறகுதான் சினாப்ஸ்கள் கண்டு நன்றாகப் பதில் சொல்கின்றன. எம்.கே.-801 என்ற என்.எம்.டி.ஏ. அடைப்பானைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அது திறந்த துளைக்குள் மட்டுமே நுழைந்து அடைக்கும். கதவு மூடியிருக்கும்போது எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் பயனில்லை.

எண்ணாக மாற்ற, முடிவில் கால்சியத்தைச் சவ்வு வழியே தாராளமாகப் போகவிடும் ஐயோனோமைசின் 5 மைக்ரோமோலாரும் இ.ஜி.டி.ஏ. 10 மில்லிமோலாரும் விட்டுக் குறைந்தபட்ச விகிதத்தையும், பிறகு கால்சியம் 10 மில்லிமோலார் விட்டு அதிகபட்சத்தையும் எடுங்கள். ஒரு பொறி: 37 டிகிரியில் ஃபூரா-2-வின் பிணைப்பு மதிப்பு, அதாவது பாதிச் சாயம் கால்சியம் பிடித்திருக்கும் அளவு, 224 நானோமோலார். கால்சியம் ஓரிரு மைக்ரோமோலாரைத் தாண்டினால் சாயம் நிறைந்துபோய் கோடு மட்டமாகிவிடும். செல் அதற்குமேல் ஐந்து மடங்கு ஏறினாலும் திரையில் தெரியாது. நச்சுத்தன்மைச் சோதனைகளில் மாக்-ஃபூரா-2 போன்ற பலவீனப் பிடிப்புச் சாயம் வேண்டியது இதனால்தான். சாயமும் ஒரு கால்சியப் பிடிப்பான் என்பதை மறக்கக் கூடாது. செல்லுக்குள் 100 மைக்ரோமோலார் சேர்ந்துவிட்டால் அது செல்லின் சொந்தப் பிடிப்பைவிடப் பத்து மடங்கு வலுவாகும். உச்சி தட்டையாகும், வடியும் நேரம் நீளும். பளிச்சென்று தெரியும் செல்லைத் தேர்ந்தெடுத்து அளப்பது இயல்பான ஆசை. அந்தச் செல்தான் அதிகம் பொய் சொல்லும்.

கதவு மூடாதபோது

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் நின்றால் சில நிமிடங்களில் ஏ.டி.பி. தீர்கிறது. சோடியம்-பொட்டாசியம் பம்பு நிற்கிறது. செல்களின் எதிர்மின்னழுத்தம் கரைந்து பூஜ்யத்தை நோக்கி ஏறுகிறது. குளூட்டமேட்டை உறிஞ்ச வேண்டிய கடத்திகள் எதிர்த்திசையில் ஓடி அதை வெளியே கொட்டுகின்றன. எதிர்மின்னழுத்தம் கரைந்துவிட்டதால் மக்னீசிய அடைப்பு இல்லை, குளூட்டமேட் ஏராளம், என்.எம்.டி.ஏ. கதவுகள் மில்லிநொடிகளுக்குப் பதில் நெடுநேரம் திறந்து மூடியபடி இருக்கின்றன. உள்ளே வரும் கால்சியம் கால்பெயின் என்ற புரதம் வெட்டும் நொதியை எழுப்புகிறது. அது சோடியம்-கால்சியம் மாற்றியையே வெட்டிப்போடுவதால் வடிகாலும் அடைபடுகிறது. வாலில் கட்டப்பட்டிருந்த நொதி நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டுகிறது. மைட்டோகாண்ட்ரியா விழுங்கி விழுங்கிக் கடைசியில் வெடிக்கிறது. இதற்கு நச்சுத்தூண்டல் என்று பொருள்படும் பெயரை ஜான் ஓல்னி வைத்தார்; கால்சியம் இல்லாத நீரில் செல்கள் பெருமளவு பிழைத்துக்கொள்வதை 1980-களில் டென்னிஸ் சோய் காட்டினார். பெரிய இரத்தக்குழாய் அடைப்பில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் இறப்பதாக 2006-ல் வந்த கணக்கு சொல்கிறது. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரக் கெடு வைத்திருப்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்படியானால் என்.எம்.டி.ஏ.யை அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று 1990-களில் நம்பினார்கள். செல்ஃபோடெல், ஆப்டிகானெல் உள்ளிட்ட மருந்துகள் விலங்குகளில் பலனளித்து மனிதர்களில் தோற்றன. ஒன்று, நோயாளி வந்துசேரும் முன் குளூட்டமேட் வெள்ளம் பெரும்பாலும் ஓடி முடிந்திருக்கும். இரண்டு, அந்த மருந்துகள் சினாப்ஸுக்குள் செல்லைக் காத்துக்கொண்டிருந்த கதவுகளையும் சேர்த்து அடைத்தன. வாசலைப் பிரித்துப் பார்க்காமல் கால்சியத்தை மட்டும் எதிரியாக்கியதன் விலை அது.

இங்கே ஓர் ஐயம் அடிக்கடி வரும்: ஃப்ரைட் ரைஸில் போடும் அஜினோமோட்டோ சோடியம் குளூட்டமேட்தானே, அது மூளையைத் தாக்காதா? ஓல்னி பயன்படுத்தியது பிறந்த எலிக்குட்டிகளுக்குத் தோலடியில் செலுத்திய பெரும் அளவு. வாய்வழி போகும் குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடலின் செல்களே எரித்துவிடுகின்றன. மிஞ்சியதை இரத்த-மூளைத் தடுப்பு நிறுத்துகிறது. தக்காளியிலும் இதே குளூட்டமேட்தான் இருக்கிறது. உணவு வழியாக உண்மையில் அஞ்ச வேண்டியது கேசரிப் பருப்பு. அதிலுள்ள ஓ.டி.ஏ.பி. என்ற பொருள் ஆம்பா ஏற்பியைத் தூண்டுவது. வறட்சிக் காலத்தில் மாதக்கணக்கில் அதையே உண்டவர்களுக்குக் கால்கள் விறைத்து நடை முடங்கிய வரலாறு மத்தியப் பிரதேசம், பீகார் பகுதிகளில் உண்டு. துவரம் பருப்பில் கலந்தால், கோடாரி முனைபோல ஒருபக்கம் சரிந்த பருப்பாகத் தெரியும்.

மக்னீசியத்தின் அடைப்பு மருத்துவத்திலும் புழங்குகிறது. கர்ப்பகால வலிப்புக்கு அரசு மருத்துவமனைகளில் முதலில் எடுக்கும் ஊசி மக்னீசியம் சல்பேட்; சிரை வழி 4 கிராம், தசையில் இருபுறமும் 5 கிராம் வீதம் என்பது பழகிய முறை. 2002-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கும் கீழே குறைப்பதைக் காட்டியது. என்.எம்.டி.ஏ. துளையில் உட்காருவது அதன் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. மயக்க மருந்தான கெட்டமினும் அதே துளைக்குள்தான் போகிறது.

மறதிநோய்க்குக் கொடுக்கும் மெமன்டினும் அங்கேதான். ஆனால் அதன் பிடி தளர்வானது. துளை திறந்தால் நுழையும், மின்னழுத்தம் மாறினால் விரைவில் வெளியேறும். சினாப்ஸில் குளூட்டமேட் ஒரு மில்லிநொடி எழும்பி வடியும்போது அதைத் தடுத்து நிறுத்த அதற்கு நேரம் போதாது. இயல்பான செய்தி போய்விடும். குறைந்த அளவு குளூட்டமேட் ஓயாமல் கசிந்து, கதவு நெடுநேரம் திறந்தே கிடக்கும் இடத்தில்தான் அது நிலையாக உட்காருகிறது. நாளுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 5 வீதம் 20 வரை ஏற்றுகிறார்கள். எம்.கே.-801 அதே துளையை அதைவிடப் பலமடங்கு இறுக்கமாக அடைக்கும்; அது ஆய்வகத்தைத் தாண்டி வரவில்லை.